ஐம்பதிலா, ஐம்பத்தெட்டிலா? மறைமலைநகர்த் தம்பதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அண்ணிமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

மறைமலைநகர், காட்டாங்கொளத்தூர், சிங்கப்பெருமாள் கோயில், மகேந்திரா சிட்டி என்று ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் ஷிஃப்ட் பார்த்து ஐம்பதைத் தொட்டவர்களுக்கும் தொடப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கியமாக ஃபோர்டு ஆலையில் இருந்தவர்களுக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் ஐ.டி.ஐ. சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் நீங்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில், கடற்கரைப் பக்கம் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், இங்கே கடைசிக் கார் லைனை விட்டு இறங்கியது. அப்போது உங்களில் பலருக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. இன்றைக்கு ஐம்பது வந்துவிட்டது, இல்லையென்றால் வாசலில் நிற்கிறது.

அதனால்தான் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒரே கேள்வி காதில் விழுகிறது: “ஐம்பது ஆயிட்டா பி.எஃப். பென்ஷன் எடுத்துடலாமாமே?”

சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே ஆண்கள். அந்தப் பணத்தை அவர்களுக்குப் பிறகும் நம்பி இருக்கப்போகிறவர் வீட்டில் இருக்கிறார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இந்த மடலைப் படியுங்கள். நான் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பி.எஃப். படிவங்கள் நிரப்பியே கண்ணாடி பவர் ஏறியது. கணக்கு கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பி.எஃப். பென்ஷன் என்று சொல்வது 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். சுருக்கமாக இ.பி.எஸ். நிறுவனம் நம் பெயரில் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான் என்பதால் மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. பத்து வருஷப் பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம். பென்ஷன் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை வரும்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 15,000-ஐ 23-ஆல் பெருக்கி, 70-ஆல் வகுத்து, “ஐயாயிரத்துக்குப் பக்கத்துல வரும்” என்று மனைவியிடம் சொல்லிவிடுகிறார்கள். வராது. உச்சவரம்பு 15,000 ஆனது 2014 செப்டம்பர் 1-இல்தான். அதற்கு முந்தைய பணிக்கு 6,500 ரூபாய்தான் வரம்பு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்டுவார்கள். 1999 செப்டம்பரில் சேர்ந்து 2022 ஆகஸ்ட் முடிய வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2014 வரை 15 வருஷம்: 6,500 பெருக்கல் 15 வகுத்தல் 70, அது 1,393 ரூபாய். அதன் பிறகு 8 வருஷம்: 15,000 பெருக்கல் 8 வகுத்தல் 70, அது 1,714. மொத்தம் 3,107 ரூபாய். இருபது வருஷத்துக்கு மேல் பணி இருந்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள். உங்களுக்கு அது எவ்வளவு கூட்டும் என்பதைத் தாம்பரம் பி.எஃப். அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் நான் அதைச் சேர்க்கவில்லை.

இனி ஐம்பது வயதுக் கதை. 58-க்கு எத்தனை வருஷம் முன்னதாக எடுக்கிறோமோ அத்தனை வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். 2008 வரை 3 சதவீதமாக இருந்தது, அந்த வருஷம் 4 ஆக்கினார்கள். எட்டு வருஷம் முன்னதாக எடுத்தால் முப்பது சதவீதத்தைச் சுற்றி வெட்டு விழும். நம் ஆளுக்கு 2,150 ரூபாய் அளவில் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வெட்டு 58 வந்ததும் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. சரியாகாது. உயிர் உள்ளவரை அதே 2,150தான். கொஞ்சத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் வாங்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. அதையும் 2008 செப்டம்பரோடு எடுத்துவிட்டார்கள்.

கணவர் ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் முன்கூட்டி எடுப்பது பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டு வரை எட்டு வருஷத்தில் சுமார் 2,06,000 ரூபாய் வாங்கிவிடுவார். அதன் பிறகு மாதம் 957 ரூபாய் இழப்பு. வாங்கியதும் இழந்ததும் சமமாக 76 வயது ஆகும். அவர் 72-இல் காலமானால், இழந்தது 1,60,000 அளவில்தான். அவரைப் பொறுத்தவரை 46,000 ரூபாய் லாபம். டீக்கடைக் கணக்கு இங்கே முடிந்துவிடும். “நாம என்ன எண்பது வயசு வரைக்குமா இருக்கப்போறோம், வர்றப்ப வாங்கிக்கணும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

வீட்டில் கணக்கு அதோடு முடிவதில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் போய்விட்டால் மனைவிக்கு அவர் வாங்கிய தொகையில் பாதி வரும். வாங்கிய தொகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐம்பதில் எடுத்தவரின் மனைவிக்கு 2,150-இல் பாதி, அதாவது 1,075. ஐம்பத்தெட்டு வரை பொறுத்தவரின் மனைவிக்கு 3,107-இல் பாதி, 1,553. நம் பக்கத்துத் தம்பதிகளில் மனைவி ஐந்தாறு வயது இளையவராக இருப்பது வழக்கம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதும் ஊரறிந்தது. கணவர் 72-இல் போகும்போது மனைவிக்கு 66. அவர் 85 வரை இருந்தால் அந்த 19 வருஷமும் மாதம் 478 ரூபாய் குறைவாகவே வாங்குவார். கூட்டிப் பாருங்கள், 1,09,000 ரூபாய். கணவர் காலத்து இழப்பு 1,60,000-ஐயும் சேர்த்தால் 2,69,000. முன்கூட்டி வாங்கிய 2,06,000-ஐக் கழித்தால் குடும்பத்துக்கு 63,000 ரூபாய் நஷ்டம். ஒருவர் ஆயுளுக்குப் போட்டால் லாபம் வந்த அதே முடிவு, இரண்டு ஆயுளுக்குப் போட்டால் நஷ்டமாகிறது. நஷ்டத்தில் பெரும்பங்கைச் சுமப்பவர் முடிவெடுத்த நாளில் கேட்கப்படாதவர்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் 10-டி படிவத்தில் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒட்டச் சொல்வார்கள். அதற்காகவே செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன அண்ணிமார் உண்டு. படத்தில் இடம் கொடுத்தவருக்குப் பேச்சிலும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு விதி இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து வருஷப் பணி முடித்தவர், வேலையை விட்ட பிறகு, பென்ஷன் வாங்கத் தொடங்காமல், 58-க்கு முன்பே இறந்துவிட்டால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் வரும். அதற்கு அந்தப் பாதி விதி கிடையாது. வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் அப்படித்தான். பாதியாகக் குறைப்பது, பென்ஷன் தொடங்கிய பிறகு இறந்தால் மட்டுமே. ஆக, “எனக்குச் சர்க்கரை இருக்கு, ஸ்டென்ட் வச்சிருக்கேன், இருக்கிறவரைக்கும் வாங்கிக்கிறேன்” என்று ஐம்பதில் அவசரப்படும் அண்ணன், தெரியாமலேயே தன் மனைவியின் பாதுகாப்பைப் பாதியாக வெட்டிவிடுகிறார். உடம்பு சரியில்லை என்பதால் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். மனைவியின் பக்கம் நின்று பார்த்தால், உடம்பு சரியில்லாதவர்தான் 58 வரை தொடங்காமல் இருப்பது நல்லது. 25 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரைக்கும், விதவை ஓய்வூதியத்தில் தலா 25 சதவீதம் வரும். அதுவும் தாயின் தொகையை அடிப்படையாகக் கொண்டதே. தாயின் தொகை சுருங்கினால் பிள்ளைகளின் தொகையும் சுருங்கும்.

ஐம்பதில் எடுக்கும்போது மூடிப்போகும் ஒரு கதவையும் சொல்ல வேண்டும். முன்கூட்டிய பென்ஷன் வேலையில் இல்லாதவருக்கானது. ஒருமுறை தொடங்கிவிட்டால், நாளைக்கு மகேந்திரா சிட்டியில் ஒரு கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுத்தாலும் இ.பி.எஸ்.-இல் மறுபடி உறுப்பினராக முடியாது. உங்களுக்கு ஐம்பதுதான் ஆகிறது. தொழில் தெரிந்த கை. பி.எஃப். பிடிக்கும் ஒரு வேலையில் 58 வரை எட்டு வருஷம் இருந்தால் 15,000 வரம்பில் இன்னும் 1,714 ரூபாய் சேரும். 3,107 என்பது 4,821 ஆகிவிடும், போனஸ் வருஷங்கள் தனி. 2,150-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். புது வேலையில் சம்பளம் குறைவாக இருந்தால் கவனம் தேவை: பென்ஷன் சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் முடித்தால் 2014-க்குப் பிந்தைய பதினாறு வருஷமும் அந்தக் கணக்கில்தான் வரும். அப்போதும் 4,136 வரும். 9,000 ரூபாய் செக்யூரிட்டி வேலையாகவே இருந்தாலும் 3,450. எப்படிப் பார்த்தாலும் ஐம்பதில் எடுப்பதைவிட மேல். உங்கள் பி.எஃப். கணக்குக்கான பழைய யூ.ஏ.என். எண்ணைக் கொடுத்துச் சேருங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள்.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, நியாயமான வாதம்தான். வங்கியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மச்சான், ஒரு வருஷம் தள்ளிப்போட்டா நாலு சதவீதம்தான் கூடுது. பி.எஃப்.-லயே எட்டேகால் சதவீதம் வட்டி வருது. பென்ஷனை முன்னாடியே எடுத்துச் செலவு பண்ணிட்டு, பி.எஃப். பணத்தைத் தொடாம வச்சிருந்தா அதுதானே லாபம்?” காகிதத்தில் அவர் சொல்வது சரி. அதோடு இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. கல்பாக்கத்தில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜனவரிக்கு ஒருமுறை, ஜூலைக்கு ஒருமுறை பஞ்சப்படி ஏறும். நமக்கு முதல் மாதம் வந்த தொகைதான் கடைசி மாதமும். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 3,107 ரூபாய் இருபது வருஷம் கழித்து 1,170 ரூபாய்க்கு உள்ள மதிப்போடுதான் நிற்கும். எட்டு வருஷம் காத்திருப்பதற்கு விலைவாசியும் ஒரு விலை கேட்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் மைத்துனரின் கணக்கில், பி.எஃப். பணம் தொடப்படாமல் இருக்கிறது. நம் வீடுகளில் அப்படி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஆலை மூடியபோது வந்த தொகையில் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியவர், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர், கார் வாங்கி டிராவல்ஸ் ஓட்டிப் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்தவர்களையே எண்ணலாம். எதையும் தப்பு என்று சொல்ல வரவில்லை. மிச்சம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு வேறு வழி. பி.எஃப்.-இல் பணம் அப்படியே இருந்து, இனி வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை, இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது என்றால், முன்கூட்டி எடுத்து அதிலிருந்து மாதம் ஐந்நூறோ அறுநூறோ மனைவி பெயரில் தபால் நிலைய ஆர்.டி.யில் போட்டுவருவது ஒரு வழி. அவருக்குப் பின்னாளில் குறையப்போவதை இப்போதே எடுத்துவைத்த மாதிரி ஆகும். ஆர்.டி. அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

கந்துவட்டிக் கடன் கழுத்தில் இருக்கிறவர் நான் மேலே போட்ட கணக்கு எதையும் பார்க்க வேண்டாம். மாதம் மூன்று வட்டி, ஐந்து வட்டி கட்டும் வீட்டில் நாலு சதவீத வெட்டைப் பற்றிப் பேசுவது அநியாயம். எடுங்கள், கடனை அடையுங்கள். அப்போதும், இதனால் பின்னால் என்ன குறையும் என்பதை மனைவியிடம் எண்ணாகச் சொல்லிவிட்டு எடுங்கள்.

இப்போது அண்ணிமார், தங்கைமார் பக்கம் வருகிறேன். இ.பி.எஸ். ஆண்கள் விஷயம் என்று நீங்களே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் மெஷின் முன்னால் ஆறு வருஷம் உட்கார்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு, பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் 10-சி படிவம் போட்டு எடுத்து, ஒரு செயினாகவோ ஃபிரிட்ஜாகவோ ஆக்கியிருப்பீர்கள். அந்த ஆறு வருஷம் போனது போனதுதான். அதே 10-சி-யில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்க ஒரு கட்டம் உண்டு. அதை வாங்கி வைத்திருந்தால், பிறகு எப்போது வேலைக்குச் சேர்ந்தாலும் பழைய வருஷங்கள் கூடவே சேரும். இதைப் படிக்கும் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் ஹவுஸ்கீப்பிங், கிச்சன், லாண்டரி என்று சேர்ந்தவர்கள் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை நிறைய இருக்கிறீர்கள். முதலில் உங்களுக்கு பி.எஃப். பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கணக்கு அறுந்துபோகாமல் ஒரே யூ.ஏ.என்.-இல் சேர்கிறதா என்று பாருங்கள். இலக்கு பத்து வருஷம். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள பகுதியை ஒரு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை வருஷமே போதும். ஒன்பது வருஷம் இரண்டு மாதத்தில் “முட்டி வலிக்குது, நின்னுக்கிறேன்” என்று சொல்கிற தங்கையே, இன்னும் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. 11,000 ரூபாய்ச் சம்பளத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தால் மாதம் 1,885 ரூபாய், உன் பெயரில், உன் கணக்கில். கணவர் போன பிறகு அவருடைய பாதியும் இதோடு சேர்ந்து வரும். ஒன்று வாங்கினால் மற்றது நிற்கும் என்று பயப்பட வேண்டாம், இரண்டையும் வாங்கலாம்.

இரண்டு பேருக்கும் பென்ஷன் உள்ள வீட்டில், ஏதாவது ஒன்றை முன்கூட்டி எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எதை எடுப்பது? என் அபிப்பிராயம், சிறியதை. பெரும்பாலும் அது மனைவியுடையதாக இருக்கும். அதிலும் ஒரு உறுத்தல் உண்டு: நீண்ட நாள் வாழப்போகிறவரின் சொந்தத் தொகையில் வெட்டு விழுகிறது. ஆனாலும் 1,885-இல் விழும் நாலு சதவீதம் 75 ரூபாய், 3,107-இல் விழுவது 124 ரூபாய். கணவருடையது அவர் காலத்துக்குப் பிறகும் பாதியாகத் தொடரும் தொகை. அதைப் பத்திரமாக வைப்பதே சரி என்று படுகிறது. மனைவி மூத்தவராகவோ, கணவரைவிட உடல்நலம் குன்றியவராகவோ இருந்தால் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

58-ஐத் தாண்டிப் பொறுப்பது பற்றியும் சிலர் கேட்டார்கள். 2016-இலிருந்து அறுபது வரை தள்ளிப்போடலாம், வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துகொண்டு தள்ளிப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 4,000 ரூபாய் பென்ஷன் வர வேண்டியவர் இரண்டு வருஷத்தில் 96,000 ரூபாயை விடுகிறார், பிறகு மாதம் 320 ரூபாய் கூட வாங்குகிறார். விட்டதைப் பிடிக்க 85 வயது ஆகும். வேலையில் தொடர்ந்து, பென்ஷனுக்கும் பணம் கட்டிக்கொண்டே தள்ளிப்போட்டால் நிலைமை வேறு. இரண்டு வருஷப் பணியும் சேர்வதால் மாதம் 780 ரூபாய் அளவில் கூடும். அந்தக் காலத்தில் பி.எஃப்.-க்குப் போயிருக்க வேண்டிய மாதம் 1,250 ரூபாயை நஷ்டமாக எடுத்துக்கொண்டாலும் 73, 74 வயதில் சமமாகிவிடும். மனைவி பல வருஷம் இளையவர் என்றால் இது யோசிக்கத்தக்கது. 58 ஆனதும் வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கூடுதல் சம்பளத்துக்குக் கூடுதல் பென்ஷன், 2022 நவம்பர் 4-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்கு விண்ணப்பம் போட்டவர்களின் நிலை, இதெல்லாம் தனிக் கடிதத்துக்கு உரியவை. நான் போட்ட எண்கள் அவர்களுக்குப் பொருந்தா. அதேபோல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் ஆனது, இத்தனை வருஷம் கழித்தும் ஆயிரம்தான். அதை 7,500 ஆக்கிப் பஞ்சப்படியும் கொடு என்று நாடு முழுக்க ஓய்வூதியர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மாமல்லபுரம் விடுதி ஒன்றில் இருவர் உட்கார்ந்து காலை டிபன் சாப்பிட்டால் கரைந்துபோகும் தொகையை ஒரு மாதத்துக்கு என்று வைத்திருக்கிறோம். கோரிக்கை வென்றால் என் எண்கள் எல்லாம் பழசாகிவிடும். அப்படிப் பழசாவதில் எனக்குச் சந்தோஷமே.

கடைசியாகக் காகித வேலை. கணவர் இருக்கும்போது நிமிஷத்தில் முடிகிற திருத்தம், அவர் போன பிறகு மனைவியை மாதக்கணக்கில் அலைய வைக்கும். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.-இல் இன்ஷியலோடு ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு எழுத்து என்று இருந்தால் இப்போதே நேராக்குங்கள். பிறந்த தேதிக்கும் அப்படியே. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று உத்தேசமாகப் போட்ட தேதி நம்மில் பலருக்கு இருக்கிறது. இணையத்தில் மின் நியமனம் போட்டு, மனைவி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் படத்தோடு ஏற்றிவிடுங்கள். ஏற்கெனவே வாங்குபவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். நவம்பர் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, எந்த மாதத்தில் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும். கைரேகை விழாதவர்கள் போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கிக்கொள்ள முடிகிறது. மகன் ஓசூரில் இருக்கிறான், அங்கே போய் இருக்கப்போகிறோம் என்றால் பென்ஷன் புத்தகத்தை மாற்ற வேண்டியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும், பாஸ்புக்கை போனில் திறந்து 2014 ஆகஸ்ட் வரை எத்தனை வருஷம், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கள். ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதுங்கள்: இருவரும் இருக்கும்போது மாதம் எவ்வளவு, மனைவி மட்டும் இருக்கும்போது மாதம் எவ்வளவு. ஐம்பதுக்கு ஒரு வரி, ஐம்பத்தெட்டுக்கு ஒரு வரி. எழுதி முடித்ததும் பேனாவை அவர் கையில் கொடுத்து, எந்த வரி வேண்டும் என்று கேளுங்கள். பதில் ஐம்பது என்று வந்தால் ஐம்பது. கணக்கில் சந்தேகம் இருந்தால் திருக்கழுக்குன்றம் பக்கம் வரும்போது பாஸ்புக்கோடு வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம். வரும்போது அண்ணியையும் அழைத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டைம் ஆபீஸ்காரன்